நூற்றுக்கு நூறு ஆண் மீன்

என் தங்கை வீட்டுக்காரருக்குப் பிழைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பிழைப்பை அவர் மாற்றிய வேகத்துக்கு நாங்கள் சட்டைகூட மாற்றியதில்லை. கடலூர் முதுநகரில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்தார், ஆறு மாதத்தில் மூடினார். திருவதிகைப் பக்கம் நிலம் பிடித்துச் சோற்றுக் கற்றாழை போட்டார். கற்றாழை ஆள் உயரத்துக்கு வளர்ந்தது, வாங்கத்தான் ஓர் ஆளும் வரவில்லை. அப்புறம் கொஞ்ச நாள் முயல் வளர்த்தார். 2010 சித்திரை வெயிலில் ஒருநாள் சிதம்பரத்தில் என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "மச்சான், இந்தத் தடவ மீனு" என்றார்.

நான் அப்போது அங்கே ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் சொந்தத்தில் நாய் கடித்தாலும், வீட்டுக்குள் பாம்பு வந்தாலும், மாடு சினை பிடிக்காவிட்டாலும் எனக்குத்தான் போன் வரும். "தெரியாது" என்று நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை. கல்லூரியில் கிடைத்த சம்பளத்துக்கு வெளியே மரியாதையாவது முழுசாகக் கிடைக்கட்டும் என்கிற அல்ப ஆசைதான் காரணம்.

மாப்பிள்ளை கையில் பளபளவென்று ஒரு நோட்டீஸ் இருந்தது. வெளியூர் ஏஜெண்ட் ஒருவன் கொடுத்திருக்கிறான். அதில் முறம் அளவுக்கு ஒரு மீன், பக்கத்தில் அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு சிரிக்கும் ஒரு கோட்டு சூட்டுக்காரர். "ஜீன் மாற்றிய அதிசய மீன்! நூற்றுக்கு நூறு ஆண்!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உற்றுப் பார்த்தால் மீன் நம்ம ஜிலேபிதான். திலாப்பியா என்று புத்தகங்களில் இருக்கும், ஊர் ஏரி குளமெல்லாம் கையகலத்தில் கிடக்கும் அதே ஜிலேபி, வெளிநாட்டில் ஒரு சுற்று பெருத்துவிட்டு வந்திருந்தது.

"சாதா ஜிலேபின்னா குட்டையில விட்ட மூணாம் மாசமே குஞ்சு பொரிச்சுத் தள்ளிடும் மச்சான். குட்டை பூரா பொடியாத்தான் நிக்கும். இது எல்லாமே ஆம்பள. குடும்பம் குட்டின்னு ஒரு தொல்லையும் கெடையாது. தின்னறது பூரா ஒடம்புல ஒட்டிக்குமாம்."

கூடவே வந்திருந்த என் தங்கை அவர் தொப்பையை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க கல்யாணத்துக்கு அப்புறம்தானே ஊதுனீங்க?" என்றாள். மாப்பிள்ளை அதைக் காதில் வாங்கவே இல்லை.

"நீங்க சொல்லுங்க மச்சான். இப்படி ஜீன்ல கை வைக்க முடியுமா, முடியாதா?"

உண்மையில் அந்த மீனின் ஜீனில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். பல தலைமுறையாகப் பெரிசு பெரிசாகப் பொறுக்கி வளர்த்த ரகம். குஞ்சுப் பருவத்தில் தீனியோடு ஆண் ஹார்மோனைக் கலந்து கொடுத்தால் பெண்ணாக வேண்டியதும் ஆணாகிவிடும். ஆனால் அதில் சில தப்பிக்கும், நூற்றுக்கு நூறு என்பது ஏஜெண்ட் நம் காதில் சுற்றும் பூ. இதையெல்லாம் நான் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, "தியரிப்படி கரெக்ட்தான் மாப்ள" என்றேன். அடுத்த வாரமே குட்டை வெட்டியாகிவிட்டது.

குட்டை வெட்டிய இடம் பரங்கிப்பேட்டை போகிற பக்கம், ஓர் ஏரியை ஒட்டி. நடுவில் ஒரு வரப்பு, ஒரு சின்ன வாய்க்கால், அவ்வளவுதான். அந்த ஏரியிலிருந்துதான் எங்கள் தெருவுக்கு ஓர் அக்கா மீன் கொண்டுவருவார். அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றி, விராலை உயிரோடு கொண்டுவந்து இறக்குவார். விராலைத் தவிர குறவையும் கெண்டைப் பொடியும் இருக்கும். கடல் மீனைத் தொடவே மாட்டார். "கடல் மீனு வேணும்னா முதுநகருக்குப் போங்க, நான் ஏரிக்காரி" என்பார் ராங்கியாக. என் மனைவிக்கு ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது ஒருநாள் விடாமல் விரால் கொடுத்துத் தேற்றியவர் அவர்தான். புருஷன் இல்லை, நிலம் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அந்த ஏரியில் மீன் இருந்தால் அந்த வீட்டில் உலை வைப்பார்கள், இல்லாவிட்டால் இல்லை.

மாப்பிள்ளை குட்டையில் மீன் நன்றாகவே வளர்ந்தது, சும்மா சொல்லக் கூடாது. ஆவணிக்குள் ஒவ்வொன்றும் தட்டு அகலத்துக்கு வந்துவிட்டது. அவர் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு தொழில் கைகூடப் போகிற நேரத்தில், மீன்துறையிலிருந்து ஒருவர் வந்தார். அமைதியான மனுஷர். குட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இரண்டே கேள்விதான் கேட்டார். இந்த மீனை வளர்க்க அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? தண்ணீர் வெளியே போகிற இடத்தில் வலை எங்கே? இரண்டு கேள்விக்கும் மாப்பிள்ளை, "சார் டீ சாப்பிடறீங்களா?" என்றார்.

"டீ வேணாங்க. மழைக்கு முன்னாடி குட்டையை வத்த வச்சு மீனைப் பூராவும் எடுத்துடுங்க. ஒண்ணுகூட ஏரிக்குப் போவக் கூடாது. போச்சுன்னா திரும்பப் பிடிக்க முடியாது" என்றார் அவர். எழுத்திலும் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல உத்தரவுதான். ஆனால் அது வந்து சேர்ந்தது புரட்டாசி மாதம் ஒன்றாம் தேதி.

எங்கள் பக்கத்தில் புரட்டாசி என்றால் வீட்டில் மீன் சட்டியைக் கழுவிப் பரண்மேல் ஏற்றிவிடுவார்கள். பெருமாள் மாதம். மாதம் முழுக்கச் சாம்பார், சனிக்கிழமை தளிகை. குட்டையை வற்ற வைக்க ஆள் கூப்பிட்டால், "புரட்டாசியில மீனைத் தொட மாட்டோம்" என்றார்கள் ஆட்கள். மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த வியாபாரி, "எவன் சார் இப்ப வாங்குவான்? ஐப்பசியில வாங்க" என்றார். பிடித்துப் புதைத்தாவது விடலாம் என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன். என் தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏண்ணே, பெருமாள் எடுத்த மொத அவதாரமே மீனு. அவரு மாசத்துல அவரையே குழி தோண்டிப் புதைக்கச் சொல்றியா? நீ படிச்ச படிப்புல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

கல்லூரியில் நான் பெரிய பகுத்தறிவுவாதி. டார்வினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். ஆனால் பகுத்தறிவுவாதிக்கும் தங்கச்சி என்று ஒருத்தி இருப்பாள் அல்லவா? அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் என் அறிவியல் அப்படியே பல்டி அடித்தது. "சரி விடு, ஒரு மாசம்தானே. எல்லாமே ஆண். அப்படியே ஏரிக்குப் போனாலும் குஞ்சு பொரிக்காது, ஒண்ணும் ஆகாது" என்றேன். இதைச் சொல்லிவிட்டு இரண்டாவது தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கமில்லாமல்.

அந்த மாதம் மீன்களுக்கு நடந்த உபசாரத்தைச் சொல்ல வேண்டும். சாகப் போகிற உயிர்களைப் பெருமாள் மாதத்தில் பட்டினி போடக் கூடாது என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். சனிக்கிழமைதோறும் பட்டையாக நாமம் போட்டுக்கொண்டு, செம்பை ஏந்தி "கோவிந்தா கோவிந்தா" என்று நாலு வீட்டில் அரிசி வாங்கிக்கொண்டு, அப்படியே குட்டைக்குப் போய்ப் பொரியைக் கூடை கூடையாகக் கொட்டுவார். மீன்கள் அடித்துக்கொண்டு தின்னும். எடுத்துவிடச் சொன்ன மீன்கள் அந்த ஒரு மாதத்தில்தான் இன்னும் கொழுத்தன.

புரட்டாசி நடுவில் மீன்கார அக்கா என் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெரு முழுக்க விரதம் என்பதால் கூடை இல்லாமல் வெறும் கையோடு வந்திருந்தார். அந்த மாதம் அவர் பரங்கிப்பேட்டை பாய் வீடுகளுக்குத்தான் விரால் கொண்டுபோவார். வாசற்படியில் நின்றுகொண்டே பேசினார்.

"சார், ஏரியை ஒட்டின குட்டை உங்க மாப்பிள்ளையுதாமே? அந்த மீனு ஏரிக்கு வந்தா எங்க மீனெல்லாம் அத்துப் போயிரும்னு பேசிக்கறாங்க. நாங்க பொம்பளைங்க பன்னெண்டு பேரு திங்கக்கெழம கடலூருக்குப் போயி கலெக்டராண்ட மனு குடுக்கலாம்னு இருக்கோம். நீங்க மீனப் பத்திப் படிச்சவரு. அதான் ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

மனு என்றதும் எனக்குக் குப்பென்று வியர்த்தது. மாப்பிள்ளை மாட்டினால் "தியரிப்படி கரெக்ட்" என்று சொன்ன நானும் சேர்ந்து மாட்டுவேன். எனக்கு வந்த பயம் அவ்வளவு கேவலமான பயம். அவருடைய இரண்டு பெண்களையும் அந்த நேரத்தில் நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, அது எல்லாமே ஆம்பள மீனு. ஏரிக்கு வந்தாலும் குஞ்சு பொரிக்காது. கொஞ்ச நாள்ல தானா செத்துப் போயிரும். நீங்க பயப்படவே வேணாம்."

"ஒண்ணுகூடப் பொம்பள கெடையாதா?"

"கெடையாது."

"அப்ப மனு வேணாங்கறீங்க?"

"என்னாத்துக்கு அலைச்சல்?"

அவர் முகம் தெளிந்துவிட்டது. "நீங்க சொன்னா சரிதான் சார். நான் போயி அவுங்ககிட்ட சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு, புரட்டாசி முடிந்ததும் முதல் விரால் எனக்குத்தான் என்று வேறு சொல்லிப் போனார். திங்கட்கிழமை கடலூருக்கு யாரும் போகவில்லை. மற்ற பதினோரு பேரையும் தடுத்தவர் அவர்தான் என்று அப்புறம் தெரிந்தது.

ஐப்பசி பிறந்தது. முதல் ஞாயிறு குட்டையை வற்ற வைப்பதாக ஏற்பாடு. அதற்குள் தீபாவளி கிட்டத்தில் வந்துவிட்டதே, ஆள் கிடைக்கவில்லை. தீபாவளி முடிந்தால் நோன்பு, அது முடிந்தால் தங்கைக்குக் கந்த சஷ்டி விரதம், ஆறு நாள். பெருமாள் விட்ட மீன்களை முருகன் பிடித்துக்கொண்டார். சஷ்டி முடிந்த மறுநாள் மோட்டார் வாடகைக்குப் பேசி, வலை வாங்கி, ஆட்களுக்கு முன்பணம் கொடுத்து எல்லாம் தயார். விடிந்தால் மழை.

மழை என்றால் சும்மா தூறல் இல்லை. மூன்று நாள் விடாமல் ஊற்றியது. நாலாம் நாள் காலையில் நானும் மாப்பிள்ளையும் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். குட்டை எது ஏரி எது என்று தெரியவில்லை. வரப்பு முழங்கால் தண்ணீருக்குக் கீழே கிடந்தது. அதன் மேல் தட்டு தட்டாக முதுகைக் காட்டிக்கொண்டு மீன்கள் போயின. அவசரமே படாமல் ஏரிக்குள் இறங்கின.

"போவட்டும் மச்சான். எல்லாம் ஆம்பளதானே, ரெண்டு வருசத்துல கெழடாகிச் செத்துரும்" என்றார் மாப்பிள்ளை. அவர் குரல் உடைந்திருந்தது. பாவம், அவருக்கும் அது நஷ்டம்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குட்டையில் ஹார்மோனுக்குத் தப்பிய பெண் ஒன்றிரண்டுதான் இருக்கும், ஏரியில்? அந்த ஏரியில் எத்தனையோ காலமாகச் சாதா ஜிலேபி கிடக்கிறது. கையகலம்தான், ஆனால் அதில் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு. இவன் பெரிய ஆண், அவள் பழைய ஏரிக்காரி. இனி பிறப்பது இரண்டின் கொழுப்பையும் சேர்த்துக்கொண்டு பிறக்கும். இரண்டாம் வருஷ மாணவனே கேட்கக்கூடிய கேள்வி அது. பட்டம் வாங்கிய என் மண்டையில் அது ஏழு மாதமாக வரவில்லை. வந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. "ஆமா மாப்ள, செத்துரும்" என்றேன்.

தை மாதத்தில் அக்காவின் கூடையில் விரால் குறைந்தது. பங்குனியில் கெண்டைப் பொடி காணாமல் போனது. "என்னமோ தெரியல சார், சேத்துல கைய விட்டாலே ஜிலேபிதான் சிக்குது" என்றார். "தண்ணி ஜாஸ்தி வந்துச்சுல்ல, அதான்" என்றேன். புதிதாக வந்தவை சேற்றில் கிண்ணம் கிண்ணமாகக் குழி பறித்துக் கூடு கட்டி, பக்கத்தில் வந்த மீனையெல்லாம் விரட்டி, மற்றதின் முட்டையைத் தின்று, இருந்த தீனியையும் துடைத்துவிட்டன. எனக்குத் தெரியும். நான் அதை அந்த மாதம்தான் வகுப்பில் நடத்தினேன். "பண்ணையிலிருந்து தப்பிய மீனால் இயற்கை மீனினத்துக்கு வரும் கேடு" என்று போர்டில் எழுதி, ஓர் உதாரணமும் சொன்னேன். "யார் சார் அந்த அறிவுகெட்ட ஆளு?" என்று ஒரு பெண் கேட்டாள். யாரோ ஒரு விவசாயி என்றேன்.

வைகாசியில் ஒருநாள் காலை அக்கா வந்தார். கூடையை இறக்கிவைத்துவிட்டு, "மீனு வேணுமா?" என்று கேட்கவில்லை. உள்ளே கையை விட்டு ஒரு பெரிய ஜிலேபியை எடுத்தார்.

"உங்க ஆம்பள வாயில என்னா வச்சிருக்கான்னு பாருங்க சார்."

அதன் கன்னத்தை இரண்டு விரலால் அமுக்கினார். மீன் வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து குஞ்சுகள் பொலபொலவென்று கூடைத் தண்ணீரில் விழுந்து நாலா பக்கமும் ஓடின. ஜிலேபியில் தாய் மீன்தான் குஞ்சை வாயில் வைத்துக் காக்கும். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

"அது வந்து அக்கா, ஹார்மோன் குடுத்தாலும் சிலது தப்பிச்சிரும். அதோட ஏரியில ஏற்கெனவே பொம்பள ஜிலேபி..."

"இது உங்களுக்கு அப்பத் தெரியாதா?"

பொய் சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. ஆனால் கூடையில் அந்தக் குஞ்சுகள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. "சிலது தப்பிக்கும்னு அப்பவே தெரியும். ஏரியில பொம்பள இருக்கறது மழை அன்னிக்குத் தெரிஞ்சுது. அப்பவும் சொல்லல" என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி பேசினார். ஏரியில் அவர்கள் தனித்தனியாக மீன் பிடிப்பதில்லையாம். பன்னிரண்டு பேரும் இடைவெளி விடாமல் வரிசையாக இறங்கி, சேற்றில் துழாவிக்கொண்டே மீனைக் கரைப் பக்கம் ஒதுக்குவார்களாம். இரண்டு மாதமாக வரிசையில் அவரைச் சேர்க்கவில்லை. மனு கொடுக்க விடாமல் கெடுத்தவள், குட்டைக்காரனிடம் கையூட்டு வாங்கியவள் என்று பேச்சு. தனி ஆளாக இறங்கினால் ஜிலேபிகூட ஒழுங்காகச் சிக்காது.

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் வாங்கல சார். உங்க பேச்சத்தான் வாங்கிட்டுப் போனேன்" என்றார். அப்போதுதான் குரல் தழுதழுத்தது. "நீங்க வந்து உங்க வாயால ஒரு வார்த்த சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் குறிப்பு எழுதுவானா? நான் எழுதினேன். ஆண், பெண், ஹார்மோன் என்று அம்புக்குறி போட்டுப் படம்கூட வரைந்தேன். ஞாயிறு காலையில் பஸ் பிடித்து ஏரிக்கரைக்குப் போனேன். பதினோரு பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றார்கள். அக்கா பத்தடி தள்ளித் தனியாகக் கூடையோடு நின்றார். நான் பேப்பரை விரித்தேன்.

"அதாவது, பால் மாற்றச் சிகிச்சை என்பது எல்லாச் சூழ்நிலையிலும் முழுமையான பலனைத் தரும் என்று சொல்ல இயலாது. எனவே அன்றைய தேதியில் கிடைத்த தகவலின் அடிப்படையில்..."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டாள். அக்கா குறுக்கே வந்தார்.

"சார் என்னா சொல்றாருன்னா, அவரு எங்கிட்ட தப்பா சொல்லிட்டாரு."

வரிசையின் தலைப்பில் நின்ற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்படியா சார்?"

"ஆமாம்மா. தப்பு என்னுதுதான். அக்கா எங்கிட்ட கேட்டுதான் உங்ககிட்ட சொன்னாங்க. அவுங்க மேல ஒரு தப்பும் கெடையாது."

"இதச் சொல்றதுக்கா ரெண்டு பக்கம் எழுதிக்கினு வந்தீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தார். நான் பேப்பரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். சிரிப்பு அடங்கியதும் அதே பெண் கேட்டாள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. விராலு, கெண்டை எல்லாம் திரும்ப வருமா சார்? ஏரி பழையபடி ஆவுமா?"

பதினோரு பேரும் என் வாயையே பார்த்தார்கள். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். இன்னும் என்னை நம்புகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சந்தோஷமாகத் தண்ணீரில் இறங்குவார்கள்.

"ஆகாது" என்றேன்.

கேட்ட பெண் அக்காவைப் பார்த்து, "வாடி, வெயில் ஏறிடப்போவுது" என்றாள். நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு விலகினார்கள். அக்கா போய் அங்கே நின்றார். பன்னிரண்டு பேரும் குனிந்து சேற்றில் கையை விட்டார்கள். முதலில் சிக்கியது ஜிலேபி. அடுத்ததும் ஜிலேபி. நான் கரையில் நின்றுகொண்டே இருந்தேன். உட்காருங்க சார் என்று யாரும் சொல்லவில்லை.